ஓட்டு வீட்டை இடித்தோம், ஓடுகளை விடவில்லை

வீட்டை இடிக்கப் போகிறோம் என்று சொன்னதும் அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காபியைக் கொண்டுவந்து முன்னால் வைத்துவிட்டு, "ஓட்டையாவது விட்டு வைப்பியா?" என்று கேட்டாள். வீட்டை இடித்துவிட்டு ஓட்டை மட்டும் எங்கே வைப்பது என்று எனக்கு அப்போது தெரியவில்லை. சரி, பார்க்கலாம் என்று சொல்லி வைத்தேன்.

இதுவரை ஒரு பதினைந்து பேராவது "எவ்வளவு ஆச்சு, என்னென்ன பண்ணீங்க" என்று கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன், இனி கேட்பவர்களுக்கு லிங்க்கை அனுப்பிவிடலாம்.

எங்கள் ஊர் புதுக்கோட்டைக்கும் காரைக்குடிக்கும் நடுவில், திருமயம் பக்கம். அந்தப் பக்கம் என்றதும் பர்மா தேக்கும் முட்டை வெள்ளைக்கருப் பூச்சும் வைத்த செட்டிநாட்டு அரண்மனையை நினைத்துவிட வேண்டாம். அப்பாவைப் பெற்ற ஐயா மண்ணும் செங்கல்லும் வைத்துக் கட்டிய சாதாரண ஓட்டு வீடு. முன்னால் திண்ணை, நடுவில் ஒரு கூடம், பக்கத்தில் ஒரு அறை, பின்னால் அடுப்படி, அதற்கும் பின்னால் கிணறும் கொல்லையும். தொண்ணூறுகளில் அப்பா பக்கவாட்டில் சிமெண்டு வைத்து ஒரு ரூமும் பாத்ரூமும் சேர்த்துக் கட்டினார்.

2023 ஐப்பசி மழையில் அடுப்படி மூலையில் கைமரம் ஒடிந்து ஓடு சரிந்தது. நல்லவேளை, அம்மா அப்போது கோயிலுக்குப் போயிருந்தாள்.

இருக்கிற வீட்டைச் சரி பண்ணி வைத்துக்கொள்வதுதான் ஆகப் பெரிய பசுமை வேலை என்பது எனக்கும் தெரியும். ஒரு டன் சிமெண்டு தயாரிக்கும்போது அரை டன்னுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு வெளியே போகிறது, பழைய வீடோ ஏற்கெனவே செலவழித்து முடித்த கணக்கு. அதனால் முதலில் கூரையை மட்டும் மாற்றத்தான் பார்த்தோம். ஆனால் பிரச்சினை கூரையில் இல்லை, ரோட்டில் இருந்தது. ஒவ்வொரு தடவை ரோடு போடும்போதும் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டு, இப்போது எங்கள் வாசல் ரோட்டை விட ஒன்றரை அடி கீழே. மழைக்காலம் முழுக்கத் தண்ணீர் உள்ளே வரும், மண் சுவர் அதைக் குடித்துக் குடித்து மேற்குச் சுவர் தூக்குக்குண்டு போட்டுப் பார்த்தால் மூன்று விரல் சாய்ந்திருந்தது. கூரையை மாற்றலாம், தரையை எப்படித் தூக்குவது? உங்கள் வீட்டுக்கு இந்தப் பிரச்சினை இல்லை என்றால் தயவுசெய்து இடிக்காதீர்கள், மேற்கொண்டு படிக்கவும் வேண்டாம்.

கையில் இருந்தது 9 லட்சம். கடன் 5 லட்சம் என்று வைத்து மொத்தம் 14 லட்சத்துக்குள் முடிப்பது திட்டம். முதலில் வந்த கான்ட்ராக்டர் சதுர அடி 2,200 என்றார். பசுமை வீடு மாதிரி வேண்டும் என்று வாய்தவறிச் சொன்னேன், உடனே ஒரு பட்டியல் வந்தது: சோலார், ஏஏசி பிளாக் (உள்ளே காற்றுக் குமிழி நிறைந்த லேசான சிமெண்டுக் கல்), இரட்டைக் கண்ணாடி ஜன்னல், மாடியில் ஏதோ வெளிநாட்டுப் பூச்சு, ஆட்டோமேட்டிக் லைட். சதுர அடி 2,800 ஆகிவிட்டது. பசுமை என்றால் கூடுதலாக வாங்கி மாட்டுவது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். எங்கள் வீட்டில் கடைசியில் நடந்தது நேர் எதிர். எதையெல்லாம் போடாமல் விட்டோம் என்பதில்தான் காசும் மிச்சமானது, வீடும் குளிர்ந்தது. ஆனால் ஒரு சிமெண்டு மூட்டையை வேண்டாம் என்று சொல்வதற்கு நம் ஊரில் எத்தனை பேரோடு சண்டை போட வேண்டியிருக்கிறது!

நண்பர் மூலமாக ஒரு இன்ஜினீயர் கிடைத்தார், சின்ன வயசுப் பெண், கொஞ்ச காலம் ஆரோவில்லில் வேலை கற்றவர். வந்த அன்று டேப்பை எடுக்கவில்லை. ஒரு மணி நேரம் அம்மாவோடு கூடத்தில் உட்கார்ந்து, எந்த நேரத்தில் எங்கே படுப்பீங்க, எங்கே உட்கார்ந்து காய் நறுக்குவீங்க என்று கேட்டுக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு அப்போதே பிடித்துவிட்டது. முன்வாசலுக்கும் கொல்லை வாசலுக்கும் நேர்கோடு, அந்த வழியாகத்தான் காற்று வரும், மத்தியானம் எல்லாம் தலையை அங்கே வைத்துத்தான் படுப்பேன் என்று சொல்லியிருக்கிறாள். இதற்கு முன்னால் வாங்கிய பிளானில் அந்தக் கோட்டுக்குக் குறுக்கே சரியாக டிவி மாட்ட ஒரு சுவர் இருந்தது.

மண் கல்லிலேயே கட்டலாமா என்றும் யோசித்தோம். ஆரோவில் மண் கட்டுமான நிலையத்தில் சொல்லித்தரும் முறை, மண்ணோடு ஐந்து சதவீத அளவுக்குச் சிமெண்டு கலந்து மெஷினில் அழுத்தி எடுப்பது, சூளையே கிடையாது. எங்கள் செம்மண்ணைக் கண்ணாடிப் பாட்டிலில் போட்டுத் தண்ணீர் விட்டுக் குலுக்கி, மணல் எவ்வளவு களி எவ்வளவு என்று அடுக்கடுக்காகப் படிவதைக்கூடப் பார்த்தோம். மண் நல்ல மண்தான். ஆனால் ஒரு சின்ன வீட்டுக்காக மெஷினை வரவழைத்து, ஆள் பழக்கி, நாலு வாரம் நனைத்து வைத்து என்று கணக்குப் போட்டால் சேம்பர் செங்கல்லை (பெரிய சூளையில் ஒரே அளவாகச் சுட்டு எடுப்பது) விடக் கூடுதலாக வந்தது. பத்து வீடு சேர்ந்து செய்தால் கட்டுப்படியாகும். விட்டுவிட்டோம்.

அனுமதி விஷயம் நான் பயந்த அளவுக்கு இல்லை. 2,500 சதுர அடிக்குள் மனை என்றால் சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே வாங்கலாம் என்று 2024 ஜூலையில் அரசு கொண்டுவந்தது, எங்கள் மனை ஐந்து சென்ட்தான். ஆவணியில் வீட்டைப் பிரித்தோம்.

பிரித்தோம் என்றுதான் சொல்ல வேண்டும். பழைய வீட்டுச் சாமான் வாங்கும் ஒருவர் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, எல்லாவற்றுக்கும் சேர்த்து 60,000 தருகிறேன், நாளைக்கே ஜேசிபி விட்டுச் சுத்தமாக்கித் தருகிறேன் என்றார். மாமா (அம்மாவின் தம்பி) "கொடுத்துட்டுப் போ மாப்ள, பழசை வச்சு என்ன பண்ணப் போற" என்றார். நான் நாலு ஆள் விட்டுப் பதினொரு நாள் கையாலேயே பிரிக்கச் சொன்னேன். கூலி 40,000 ஆனது. வந்தது என்ன? உடையாத ஓடு 1,300 சொச்சம், வேங்கை மரத் தலைவாசல் நிலை, கதவு, நாலு கம்பி ஜன்னல், பாதிக் கைமரம் (மீதியைக் கரையான் தின்றிருந்தது), திண்ணையின் இரண்டு கல் தூண், அப்புறம் மூவாயிரத்துக்கு மேல் பழைய செங்கல்.

இதில் ஒன்றைக் கவனித்தேன். ஐயா மண் சாந்தில் கட்டிய சுவரில் செங்கல் உதிரி உதிரியாக முழுசாகக் கழன்று வந்தது, தட்டினால் மண் கொட்டிவிடும், கல் புதுசு மாதிரி இருக்கும். அப்பா சிமெண்டில் கட்டிய ரூமில் ஒரு கல்கூட முழுசாகத் தேறவில்லை, எல்லாம் கட்டி கட்டியாக உடைந்து குப்பை லோடாகத்தான் போனது. எழுபது வருஷத்துச் சுவர் திரும்ப உபயோகமாகிறது, முப்பது வருஷத்துச் சுவர் ஆகவில்லை. அப்பா இருந்திருந்தால் இதைச் சொல்லியிருக்க மாட்டேன், பாவம், அவர் அதைக் கட்ட எவ்வளவு அலைந்தார் என்று எனக்குத் தெரியும்.

சுவர் இடித்த மண் முழுக்க பேஸ்மட்டம் நிரப்பப் போய்விட்டது. ரோட்டுக்கு மேல் இரண்டரை அடி தூக்கினோம், வெளியிலிருந்து கிராவல் வாங்கியது மூன்றே லோடு. பழைய செங்கல் உடைந்ததெல்லாம் தரைக்கு அடியிலும், முழுசானது கொல்லைச் சுவருக்கும் போனது.

இனி மேஸ்திரி அண்ணன். முப்பது வருஷமாகக் கொத்துவேலை செய்பவர், கைவேலை அவ்வளவு சுத்தம், ஆனால் புதுசாக எதைச் சொன்னாலும் முதலில் சிரிப்பார். எலிப்பொறிக் கட்டு என்று இன்ஜினீயர் சொன்னதும் வாய்விட்டுச் சிரித்தார். விஷயம் இதுதான்: செங்கல்லைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்திக் கட்டுவது. சுவர் அதே ஒன்பது அங்குலம்தான், ஆனால் இரண்டு வரிசைக்கும் நடுவில் சுமார் மூன்று அங்குலம் காலியிடம் கிடைக்கும், அந்தக் காற்று வெயிலை உள்ளே விடாது, கல்லும் கிட்டத்தட்டக் கால்வாசி மிச்சம். இங்கிலாந்திலிருந்து 1945இல் இந்தியாவுக்கு வந்து, பிற்பாடு திருவனந்தபுரத்தில் தங்கிவிட்ட லாரி பேக்கர், சாதாரண ஜனங்களுக்கு நூற்றுக்கணக்கில் இப்படி வீடு கட்டிக் கொடுத்திருக்கிறார். உள்ளூர் ஆளை வைத்து, உள்ளூர்ப் பொருளை வைத்து, பூசாமல் கட்டியவை.

"எலிப்பொறின்னு பேரே சொல்லுதே தம்பி, எலி போயி உள்ள குட்டி போட்டா யாரு எடுக்கிறது?" என்றார் மேஸ்திரி அண்ணன். கீழே ஒரு வரியும் மேலே லிண்டல் மட்டத்தில் ஒரு வரியும் கெட்டியாகக் கட்டிவிடுவோம், எலிக்கு வழியே இல்லை என்று இன்ஜினீயர் படம் போட்டுக் காட்டினார். மேஸ்திரி அண்ணன் படத்தைப் பார்க்கவில்லை. கடைசியில் கொல்லையில் ஐந்தடி நீளத்துக்கு ஒரு மாதிரிச் சுவர் கட்டச் சொன்னோம். கட்டி முடித்துவிட்டு அதன் மேல் ஏறி நின்று குதித்துப் பார்த்தார். அப்புறம் ஒன்றும் பேசவில்லை, மறுநாள் வேலையை ஆரம்பித்துவிட்டார். 16,000 கல் வேண்டும் என்றவர் 12,000 சொச்சத்தில் முடித்தார். நாள் கொஞ்சம் கூடுதலாகப் பிடித்தது, கூலியும் அந்த அளவுக்கு ஏறியது. கல்லில் மிச்சம் பிடித்ததில் பாதி கூலியில் போயிற்று என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இன்னொன்று, நாட்டுச் செங்கல் கோணல்மாணலாக இருந்தால் இந்தக் கட்டு சரிப்படாது, அளவு ஒத்த கல் வேண்டும்.

வெளிப்பக்கம் பூச்சும் வேண்டாம், பெயிண்டும் வேண்டாம் என்று முடிவு. செங்கல் அப்படியே தெரியும், இடுக்குகளை மட்டும் சாந்து வைத்துத் தேய்த்துவிடுவது. இதற்குத்தான் வீட்டிலேயே பெரிய எதிர்ப்பு. தெருவில் போகிறவர்கள் எல்லாம் நின்று "பூச்சு எப்ப?" என்று கேட்கிறார்கள், ஒருவர் குரலைத் தாழ்த்தி "பணம் எதுவும் தட்டுப்பாடா தம்பி?" என்றுகூடக் கேட்டுவிட்டார். அம்மா அந்த வாரம் முழுக்க வாசலுக்கே வரவில்லை. சன்ஷேடு நீளமாக வைத்திருப்பதால் சுவரில் மழை அடிப்பதில்லை, இதுவரை ஒரு இடத்திலும் ஓதம் இல்லை. பூச்சும் பெயிண்டும் விட்டதில் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல் மிச்சம்.

கூரைக்கு வருகிறேன். நம் ஊரில் சித்திரையில் ஒருமுறை, ஆவணியில் ஒருமுறை சூரியன் உச்சந்தலைக்கு நேரே நிற்கும். சுவரை விட மொட்டைமாடிதான் அடி வாங்கும். ஐந்து அங்குலக் கான்கிரீட் பகல் முழுக்கச் சூட்டைக் குடித்துவிட்டு ராத்திரி பத்து மணிக்கு நம் தலைமேல் கொட்டும், கான்கிரீட் வீட்டில் இருப்பவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. மொத்தம் 760 சதுர அடியில் திண்ணைக்கும் அடுப்படிக்குமாக 240 அடிக்குப் பழைய கைமரத்தில் தேறியதை வைத்து ஓட்டுக் கூரையே போட்டோம். மீதி 520 அடிக்குத் தளம். அந்தத் தளத்துக்குள்தான் அம்மாவின் ஓடுகள் போயின.

இதற்குப் பெயர் ஃபில்லர் ஸ்லாப், கான்கிரீட்டுக்கு நடுவில் ஓட்டை வைத்து நிரப்பிப் போடும் தளம். பில்லர் ஸ்லாப் இல்லை. மாமா ரொம்ப நாள் அதைத் தூண் வைத்த தளம் என்றே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். பாரம் அழுத்தும்போது தளத்தின் மேல்பாதி நசுங்கப் பார்க்கும், கீழ்ப்பாதி இழுபடும். நசுங்குவதைக் கான்கிரீட் தாங்கும், இழுவையைத் தாங்காது, அதற்குத்தான் கம்பி. அப்படியானால் கீழே கம்பிகளுக்கு இடையில் கிடக்கிற கான்கிரீட் வெறும் சுமைதான். அந்த இடத்தில் இரண்டு இரண்டு மங்களூர் ஓட்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துவிட்டால் கான்கிரீட்டும் குறையும், இரண்டு ஓட்டுக்கும் நடுவில் அடைபடும் காற்று சூட்டையும் தடுக்கும். எங்கள் தளத்தில் பத்து மூட்டை சிமெண்டு குறைந்தது. கம்பி இடைவெளியை எல்லாம் ஓட்டு அளவுக்கு ஏற்ப இன்ஜினீயர்தான் கணக்குப் போட வேண்டும், இதைப் படித்துவிட்டு யாரும் சொந்தமாக இறங்கிவிட வேண்டாம்.

தை மாதம் கான்கிரீட். முதல் நாள் ராத்திரி முழுக்க ஓடுகள் தண்ணீரில் ஊறின, இல்லாவிட்டால் ஓடு கான்கிரீட்டின் ஈரத்தை உறிஞ்சிவிடும். காலையில் மாமா வந்து சென்ட்ரிங் (கான்கிரீட் இறுகும்வரை தாங்கும் தற்காலிகப் பலகை) மேல் ஓடு அடுக்கியிருப்பதைப் பார்த்து, "ஓட்டைக் கொண்டுபோயி காங்கிரீட்டுக்குள்ள வைக்கிறாங்கெ, ஒழுகுனா என்கிட்ட வராத" என்று சொல்லிவிட்டு, போகாமல் சாயந்தரம் வரை நின்று மேற்பார்வை பார்த்தார்.

மாடியில் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் போட்டுத் தட்டோடு பதிக்க ஆசை. கடுக்காய்த் தண்ணீர் விட்டு இடித்துப் போடும் பழைய பக்குவத்துக்கு இப்போது எங்கள் பக்கம் ஆளே கிடைக்கவில்லை. அதனால் சுண்ணாம்பில் ஃபெவிகால் கலந்து இரண்டு கோட் வெள்ளை அடித்தோம், செலவு இரண்டாயிரத்துச் சொச்சம். சித்திரை வெயிலில் மத்தியானம் இரண்டு மணிக்கு வெறுங்காலோடு நிற்க முடிகிறது. வருஷத்துக்கு ஒருமுறை திரும்ப அடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

எல்லாம் சரியாக நடந்தது என்று நினைத்துவிடாதீர்கள். எலக்ட்ரீஷியனுக்கு எலிப்பொறிக் கட்டு பற்றி முன்கூட்டியே சொல்லி, பைப்பைக் கட்டும்போதே உள்ளே விடச் செய்திருக்க வேண்டும். மறந்துவிட்டோம். அவர் வழக்கம்போல மெஷின் வைத்துச் சுவரை வெட்ட, நடுவில் காலி என்பதால் இரண்டு இடத்தில் கல் உடைந்து உள்ளே விழுந்துவிட்டது. மேஸ்திரி அண்ணன் அன்றைக்குப் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. அறையில் ரெட் ஆக்சைடு தரை போட ஆசைப்பட்டு, பழக்கமில்லாத ஆளிடம் விட்டதில் மூன்றே வாரத்தில் வெடிப்பு. கூடத்துக்கு ஆத்தங்குடிக் கல் வாங்கினோம், அதில் குறை இல்லை. கண்ணாடி மேல் கலர் ஊற்றிக் கையால் செய்வது, சூளையில் சுடுவதில்லை, ஊரிலிருந்து பக்கம். துடைக்கத் துடைக்கத்தான் பளபளப்பு ஏறும், ஆசிட் மட்டும் படக்கூடாது.

மேற்குப் பக்கம் இருந்த வேப்பமரத்தை வண்டி நிறுத்துவதற்காக வெட்டச் சொன்னார்கள். வீட்டையே நாலடி கிழக்கே தள்ளிக்கொண்டோம். வண்டி இப்போது மரத்தடியில் நின்று காக்கை எச்சம் வாங்குகிறது. மேற்கு வெயில் படும் பக்கம் பாத்ரூமும் சாமான் அறையும், அவை சூடானால் யாருக்கு என்ன.

சோலார் போடவில்லை. இதைச் சொன்னால்தான் நிறையப் பேர் ஏமாந்துபோகிறார்கள். மத்திய அரசுத் திட்டத்தில் 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டுக்கு 78,000 மானியம் உண்டு, கிலோவாட்டுக்கு நாளைக்கு நாலு யூனிட் வரும் என்பதும் சரிதான். ஆனால் அம்மா இரண்டு மாதத்துக்கு 150, 160 யூனிட் ஓட்டுகிறாள், அதில் 100 யூனிட் ஏற்கெனவே இலவசம். மிச்சமிருக்கும் ஐம்பது அறுபது யூனிட்டுக்காக மானியம் போகக் கையிலிருந்து இவ்வளவு போட்டு எப்போது திரும்ப எடுப்பது? ஏசி ஓடும் வீடாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு போடலாம். நாங்கள் 75 வாட் ஃபேனுக்குப் பதில் 30 வாட் சொச்சம் ஓடும் பிஎல்டிசி ஃபேன் நாலு வாங்கினோம். சோலார் வயருக்காக மாடிக்குப் பைப் மட்டும் விட்டு வைத்திருக்கிறது, பின்னால் பார்த்துக்கொள்ளலாம்.

மழைநீர் சேகரிப்பு 2003லிருந்தே தமிழ்நாட்டில் கட்டாயம், ஆனால் பெரும்பாலும் காட்டுவதற்கு ஒரு குழி தோண்டி மூடிவிடுகிறோம். எங்களுக்குக் கிணறு இருந்ததால் சுலபமாகிவிட்டது. 70 சதுர மீட்டர் கூரையில் 100 மில்லிமீட்டர் பெய்தால் 7,000 லிட்டர். கூழாங்கல், மணல், கரி போட்ட தொட்டி வழியாகக் கிணற்றுக்குப் போகிறது. முதல் மழையைத் திருப்பிவிட ஒரு வால்வு. அடுப்படித் தண்ணீர் கல்வாழைக்கும் வாழைக்கும், அம்மா எப்போதும் செய்துகொண்டிருந்ததுதான், இன்ஜினீயர் அதற்கு ஒரு பைப் போட்டார்.

கடைசிக் கணக்கு 15 லட்சத்து 40 ஆயிரம். திட்டத்தை விட 1,40,000 அதிகம், பெரும்பாலும் செப்டிக் டேங்க், வேலை நடந்தபோது எடுத்த தற்காலிகக் கரண்ட், அந்த வெடித்த தரை. கிரகப்பிரவேசம் இதில் சேராது. அதற்கு 1,10,000 ஆனது. சோலாருக்கு மூக்கால் அழுதவன் சாப்பாட்டுக்கு வாயே திறக்கவில்லை என்று மனைவி இன்னமும் சொல்லிக் காட்டுகிறாள். சித்திரையில் பால் காய்ச்சினோம், அதுவும் நல்லதாகப் போயிற்று, முதல் மாதமே உச்சி வெயிலில் வீட்டைச் சோதித்துவிட்டோம். பகலில் கூடத்தில் ஒரு ஃபேன் போதும். ராத்திரி பின்பக்க ஜன்னலைத் திறந்து வைத்தால் விடியக்காலை போர்வை தேடுகிறோம். மேல் அறை எதுவும் இல்லாத கான்கிரீட் வீட்டுக்கு இது பெரிய விஷயம்.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். சென்ட்ரிங் பிரித்த அன்று கூடத்தில் நின்று எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். அடியில் பூசவில்லை, ஓடுகள் வரிசை வரிசையாகத் தெரிகின்றன. நட்டநடுவில் ஏழெட்டு ஓடு மட்டும் கன்னங்கரேலென்று இருந்தது. அம்மாதான் முதலில் கண்டுபிடித்தாள். "இது அடுப்படி ஓடுல்ல? இதைக் கொண்டாந்து நடுவீட்டுல வச்சிருக்கீங்களே, கழுவி வைக்கக்கூடாதா?" அடுக்கின பையன்களுக்கு எது அடுப்படி எது கூடம் என்று எப்படித் தெரியும். மறுநாள் ஸ்டூல் போட்டு ஏறி, தென்னங்குச்சி விளக்குமாற்றால் தேய்த்துப் பார்த்தாள். அப்பத்தா காலத்துப் புகை, ஒரு துளிகூடப் போகவில்லை. இப்போது யாராவது வீடு பார்க்க வந்தால் அவர்கள் நிமிர்ந்து பார்ப்பதற்கு முன்னாலேயே அவளாகவே கையைக் காட்டி அந்தக் கதையைச் சொல்ல ஆரம்பித்துவிடுகிறாள்.

தளத்துக்கும் சாய்ப்புக்கும் போக நானூறு ஓடு கொல்லையில் அடுக்கிக் கிடக்கிறது. மாமா தன் மாட்டுக்கொட்டகைக்கு அதைக் கேட்டிருக்கிறார். அம்மா இன்னும் பதில் சொல்லவில்லை.